வேனை நிறுத்தச் சங்கத்திடம் கேட்க வேண்டுமா?

மண்டபத்தில் ஒரு இறால், நண்டு கம்பெனி. அங்கே சங்கச் செயலாளராக இருக்கும் பெண் கேட்ட கேள்வி இது. வேலை பார்ப்பவர்கள் 140 பேர், பெரும்பாலும் பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடத்திலிருந்து பாலம் தாண்டி வரும் பெண்கள். 96 பேர் சங்கத்தில் இருக்கிறார்கள், வேறு சங்கம் இல்லை. இந்த மாதம் 22-ம் தேதி கை கழுவும் குழாய்க்கு மேலே ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள். வரும் 1-ம் தேதி முதல் வார விடுமுறை ஞாயிறுக்குப் பதிலாக வெள்ளி. ஞாயிறு வேலை காலை 5 மணிக்குத் தொடங்கும். கம்பெனி வேன் கிடையாது. தினக்கூலியும் போய், இனி உரிக்கிற கிலோவுக்குத்தான் கூலி. கேட்கப் போனவர்களிடம் மேனேஜர், "கம்பெனி எங்களுது. எப்படி நடத்துறதுன்னு சங்கத்துக்கிட்ட கேக்கணுமா?" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

கேட்க வேண்டும். ஆனால் அந்தக் 'கேட்பது' எதுவரை என்பதில்தான் பல சங்கங்கள் ஏமாந்து போகின்றன. முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 21 நாள் காத்திருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடு நேர்மையாக உட்கார்ந்து பேச வேண்டும். இவ்வளவும் கட்டாயம். சங்கம் ஒத்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும் என்று மட்டும் சட்டம் எங்கும் சொல்லவில்லை. நீங்கள் சும்மா இருந்தால் நோட்டீஸ் கொடுத்த 22-ம் நாள் முதலாளி தன் மாற்றத்தைக் கொண்டுவரலாம். அந்த 21 நாளுக்குள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் எந்தச் சட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது எல்லோரும் இதில் குழம்புகிறார்கள். 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9-ஏ பிரிவைத்தான் இத்தனை வருடம் எடுத்துக் காட்டிவந்தோம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. 9-ஏ இப்போது 40-வது பிரிவு. பழைய நான்காம் அட்டவணை இப்போது மூன்றாம் அட்டவணை. வாசகம் ஏறக்குறைய அப்படியே இருப்பதால், பழைய பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகளைத் தாராளமாகக் காட்டலாம். மேனேஜர் "அந்தச் சட்டமே போயிருச்சு" என்றால், "ஆமா சார், 40-வது பிரிவா வந்திருக்கு" என்று சொல்லுங்கள்.

அந்த அட்டவணையில் 11 இனங்கள். கூலியும் அதைக் கொடுக்கும் முறையும், வேலை நேரம், விடுமுறை, ஷிப்டு, வழக்கமாகக் கிடைத்துவந்த சலுகையை நிறுத்துவது, ஒழுங்கு விதிகள், ஆள் எண்ணிக்கையைக் கூட்டுவது குறைப்பது என்று போகும். இதில் எதை மாற்றினாலும் பாதிக்கப்படுகிற தொழிலாளர்களுக்கு முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்த 21 நாளுக்குள் மாற்றத்தை அமல்படுத்தக் கூடாது. உங்கள் கம்பெனி 22-ம் தேதி ஒட்டி 1-ம் தேதி அமல் என்கிறது. பத்து நாள் கூட இல்லை. ஒட்டிய தாளையே சட்டப்படியான நோட்டீஸ் என்று வைத்துக்கொண்டாலும், அடுத்த மாதம் 12, 13-ம் தேதி வரை அவர்கள் எதிலும் கை வைக்க முடியாது. முதல் கடிதத்தில் இதை ஒரே வரியில் எழுதுங்கள். அதற்கு மேல் வாதமே தேவையில்லை.

சரி, மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஞாயிறு. மேனேஜர் ஏன் இதைக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில் கரைக்கு வருகிறது. இறால் வந்து நிற்கும்போது கம்பெனி பூட்டிக் கிடந்தால் ஐஸ் செலவு அவருக்கு. ஆனால் தங்கச்சிமடத்துப் பெண்ணுக்கு ஞாயிறு காலை என்றால் சர்ச்சில் பூசை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வீட்டில் இருக்கிற ஒரே நாளும் அதுதான். வெள்ளிக்கிழமை லீவு விட்டு அவள் என்ன செய்வாள்? வார ஓய்வு நாளை ஞாயிறிலிருந்து வேறு நாளுக்கு மாற்றுவதற்கு நோட்டீஸ் தேவையா என்ற கேள்வி 1972-ல் டாடா இரும்பு உருக்கு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. தேவை என்றுதான் தீர்ப்பு. 'வாரத்துக்கு ஒரு நாள் லீவு தருகிறோம், எந்த நாளாக இருந்தால் என்ன' என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. உங்களிடமும் நிர்வாகம் இதைத்தான் சொல்லும்.

காலை 5 மணி என்பது தனி விஷயம். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களுக்குக் காலை 6 முதல் இரவு 7 வரைதான் வேலை என்று வைத்திருந்தது. சுவாரஸ்யம் என்னவென்றால் அதிலேயே மீன் பதப்படுத்தும், டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்கு மாநில அரசு விலக்குத் தரலாம் என்று தனியாக ஒரு உட்பிரிவு இருந்தது, சரக்குக் கெட்டுப்போகும் என்பதற்காக. இப்போதைய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 6 மணிக்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் பெண்கள் வேலை செய்யலாம், ஆனால் அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். சுவரில் ஒட்டிய தாள் யாருடைய சம்மதமும் ஆகாது. வேனையும் நிறுத்திவிட்டு, 5 மணிக்குப் பாலம் தாண்டி வா என்று சொல்வதை எந்த அதிகாரி முன்னாலும் நியாயப்படுத்த முடியாது. இரண்டையும் ஒரே தாளில் எழுதியது அவர்கள் செய்த தப்பு. உங்களுக்கு அது வசதி.

வேன். "அது சலுகைதானே, கொடுத்தோம், இப்ப முடியலை" என்பார்கள். அட்டவணையின் 8-வது இனம் அந்தச் சலுகையைத்தான் சொல்கிறது: வழக்கமாகக் கிடைத்துவந்த சலுகையை விலக்கிக்கொள்வது. இந்தியன் ஆயில் நிறுவனம் அசாம் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவந்த ஈட்டுப்படியை நோட்டீஸ் இல்லாமல் நிறுத்தியது செல்லாது என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கம் என்பதை நிரூபிக்க வேண்டியது மட்டும் நீங்கள். எந்த வருடத்திலிருந்து வேன் வருகிறது, எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதி, ஏறுகிற பெண்களிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வேன் நின்ற பிறகு எழுதினால் யாருக்கும் தேதி ஞாபகம் இருக்காது.

கிலோக் கூலிதான் இதில் பெரிய அடி. மற்ற மூன்றையும் இதற்கு மறைப்பாகப் போட்டிருக்கிறார்களோ என்றுகூட எனக்குச் சந்தேகம். தினக்கூலியில் கச்சான் காற்று அடித்துப் படகு போகாத நாளும், கரைக்கு நாலு கூடை மட்டும் வந்த நாளும் கம்பெனியின் கணக்கு. வந்தவளுக்குக் கூலி உண்டு. கிலோக் கூலியில் அந்த நஷ்டம் முழுக்க உரிக்கிறவளுடைய கைக்கு வந்துவிடும். சின்ன இறாலாக வந்தால் ஒரு கிலோ சேர இரண்டு மடங்கு நேரம். நண்டில் சதை வற்றியிருந்தால் ஓடுதான் மலை மாதிரி குவியும், எடை ஏறாது. எடை போடுகிறவர் யார், தண்ணீர் வடித்துப் போடுகிறாரா, ஐஸோடு போடுகிறாரா? இத்தனையும் கூலி கொடுக்கும் முறையில் வருகிறது, அட்டவணையின் முதல் இனமே அது. அப்புறம், கிலோக் கணக்கில் கொடுத்தாலும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது வேறு சட்டம். அதைத் தனிப் புகாராக வைத்துக்கொள்ளுங்கள், இதோடு கலக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா மாற்றத்துக்கும் நோட்டீஸ் கேட்டு நிற்க முடியாது. 1973-ல் இந்துஸ்தான் லீவர் வழக்கில், நிர்வாகம் துறைகளைக் கலைத்து மாற்றி அமைத்தது. ஆளும் குறையவில்லை, சம்பளமும் குறையவில்லை, பாதிப்பு இல்லாத மாற்றத்துக்கு இந்த நோட்டீஸ் தேவையில்லை என்றார்கள். நண்டு மேசையை இந்த ஹாலிலிருந்து அந்த ஹாலுக்கு மாற்றினால், கத்தியை மாற்றினால், அதற்கெல்லாம் 40-வது பிரிவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதிகாரி உங்கள் அடுத்த மனுவையும் அதே கண்ணால் பார்ப்பார். அவசர நிலைமையில் ஷிப்டை மாற்றுவதற்குக் குறைதீர்க் குழுவைக் கலந்துகொண்டால் போதும் என்று புதிய சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. நிர்வாகம் 5 மணி விஷயத்தில் இதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கலாம். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கிற கம்பெனியில் அந்தக் குழு கட்டாயம் இருக்க வேண்டும், பெண்கள் அவர்கள் விகிதத்துக்குக் குறையாமல் அதில் இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு குழுவே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் யாரைக் கலந்துகொண்டார்கள்? வாரா வாரம் வருகிற ஞாயிறு எப்படி அவசரம் ஆகும்?

நண்டு எடுக்கிற பிரிவில் ஏஜென்சி மூலம் இருபது பேரைக் கொண்டுவரப் போவதாகவும் பேச்சு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்திய உணவுக் கழகம் ஒரு தடவை, நேரடியாகக் கூலி வாங்கிக்கொண்டிருந்த மூட்டைத் தொழிலாளர்களை மறுபடியும் கான்ட்ராக்டர் கைக்கு மாற்றியது. நோட்டீஸ் இல்லாமல் செய்த அந்த மாற்றம் சட்டவிரோதம், அவர்கள் கழகத்தின் நேரடித் தொழிலாளர்களாகவே தொடர்கிறார்கள் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேச்சு அளவில் இருப்பதால் இதை இப்போது கடிதத்தில் சேர்க்க வேண்டாம். ஆனால் பெயர்ப் பட்டியலின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பேசுவது. "கூட்டாக, நல்லெண்ணத்துடன் பேரம் பேச மறுப்பது" முதலாளியின் நியாயமற்ற தொழில் நடவடிக்கைகளில் ஒன்று. 1982-ல் திருத்தமாக வந்து 1984 ஆகஸ்டில் அமலானது, இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் இதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்போது முதல் தடவைக்குச் சிறை இல்லை, பத்தாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். ஆனால் இந்தக் கடமை "அங்கீகாரம் பெற்ற" சங்கத்துக்குத்தான். 1926-ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பதிவு செய்துகொடுத்ததே தவிர அங்கீகாரத்தைப் பற்றிப் பேசவில்லை. 1947-ல் அதற்காக ஒரு திருத்தம் நிறைவேற்றி, கடைசி வரை அமலுக்கே கொண்டுவரவில்லை. தொழிலாளர் சட்டத்தில் எனக்கு மிகவும் எரிச்சல் தந்த இடம் அது. பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கும், முதலாளி "நான் உங்களை அங்கீகரிக்கவில்லை" என்பார், கதை முடிந்தது. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் நடந்த வேலைநிறுத்தத்தில்கூட, சங்கத்தைப் பதிவு செய்து ஏற்றுக்கொள்வதே பெரிய கோரிக்கையாக இருந்தது.

புதிய தொகுப்பைப் பற்றி எனக்கு நிறையக் குறை உண்டு. ஆனால் 14-வது பிரிவு அந்த ஓட்டையை ஓரளவு அடைத்திருக்கிறது. ஒரே சங்கம் இருந்தால், விதிகளில் சொல்லும் தகுதிகளுக்கு உட்பட்டு, முதலாளி அதைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்க வேண்டும். பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீதம் வைத்திருப்பது. யாருக்கும் அது இல்லாவிட்டால் 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி என்று ஒரு குழு. உங்களுக்கு 140-ல் 96, வேறு சங்கமும் இல்லை. அங்கீகாரம் கேட்டு இதுவரை எழுத்தில் கடிதம் கொடுத்ததே இல்லை என்கிறீர்கள். இதை முதலில் செய்யுங்கள். மூன்று வருடமாகச் சந்தா வசூலித்த சங்கம் இந்த ஒரு தாளை எழுதாமல் விட்டதற்கு நான் உங்களைத் திட்டத்தான் வேண்டும்.

யூடியூபில் பார்த்துவிட்டு, "அமெரிக்காவில் சங்கத்தோடு பேசி முடிக்காமல் எதையும் மாற்ற முடியாதாமே" என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே 1935-ம் ஆண்டுச் சட்டம் நேர்மையாகப் பேரம் பேசுவதைக் கடமையாக்கியது. பேச்சு நடக்கும்போதே தன்னிச்சையாக மாற்றுவது அந்தக் கடமையை மீறுவதுதான் என்று 1962-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது. பேச்சு உண்மையிலேயே முட்டி நிற்கும் வரை பழைய நிலை தொடர வேண்டும். நம்மிடம் நோட்டீஸ் ஒரு பிரிவில், நல்லெண்ணப் பேச்சு வேறு ஒரு அட்டவணையில், இரண்டையும் இணைக்கிற வரி இல்லை. அந்த இணைப்பை நாம்தான் சமரசப் பேச்சுவார்த்தை மூலம் போட்டுக்கொள்ள வேண்டும்.

எப்படி என்றால், 90-வது பிரிவு, பழைய 33. தகராறைப் பேசித் தீர்க்க அரசு நியமிக்கும் சமரச அலுவலர் முன்னால் நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும்போது, தகராறுக்குச் சம்பந்தப்பட்ட விஷயத்தில், நடவடிக்கை தொடங்குவதற்குச் சற்று முன்பிருந்த வேலை நிபந்தனைகளைத் தொழிலாளர்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. மாற்ற வேண்டுமானால் அந்த அதிகாரியிடமே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வேன் ஓடிக்கொண்டிருக்கும்போது நடவடிக்கை தொடங்கினால் வேன் ஓடும். நின்ற பிறகு தொடங்கினால், நின்றதையே பழைய நிலை என்று நிர்வாகம் வாதாடும். புதிய தொகுப்பில் முதல் கூட்டம் நடக்கிற நாளில்தான் சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. ஆகவே மனு கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது. கூட்டத் தேதி வாங்கும் வரை அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருடம் முன்பு, இதே கரையில் ஒரு மீன் கம்பெனி, பெயர் வேண்டாம். அதே கிலோக் கூலிப் பிரச்சினை. நோட்டீஸ் முறையாக வந்தது. நான்தான் சங்கத்துக்கு மனு எழுதிக்கொடுத்தவன். மேனேஜருக்கு மரியாதையாக மூன்று கடிதம் எழுதினோம். ஒவ்வொரு தடவையும் டீ வாங்கிக் கொடுத்து, "முதலாளி சென்னையில இருக்காரு, வந்ததும் பேசிக்கலாம்" என்றார். 21 நாள் போய்விட்டது. பிறகுதான் சமரச அலுவலரிடம் போனோம், கூட்டத் தேதி அதற்கும் ஒரு வாரம் கழித்து. முதல் கூட்டத்தில் நிர்வாகத் தரப்பு ஒன்றும் பேசவில்லை. கூலிப் பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்து வைத்தார்கள். இரண்டு வாரமாகக் கிலோக் கூலி வாங்கியதற்கு எங்கள் பெண்கள் எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், பாதி பேர் கைநாட்டு. அலுவலர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பதில் இல்லை. கடைசியில் கிலோக் கூலியை ஏற்றுக்கொண்டு, நாளுக்கு இவ்வளவுக்குக் குறையாது என்ற ஒரு வரியை மட்டும் எழுதி வாங்கினோம்.

அதனால் 1-ம் தேதி அவர்கள் முரட்டுத்தனமாக அமல்படுத்திவிட்டால், கூலி வாங்க மறுக்க வேண்டாம், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கையெழுத்துக்குப் பக்கத்தில் "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதுங்கள். எழுதவிடாவிட்டால் அன்றைக்கே சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போகட்டும். ஒட்டிய தாளை யாரும் கிழிக்க வேண்டாம், செல்போனில் படம் எடுத்தால் போதும். "நாளைக்கு எல்லாரும் லீவு போட்டுருவோம்" என்ற யோசனையும் வேண்டாம். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒன்றாகச் சேர்ந்து லீவு எடுத்தாலே அது வேலைநிறுத்தம் என்று புதிய சட்டம் சொல்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், சமரசம் நடக்கும்போது செய்யக் கூடாது. இப்போது சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரு நாள் லீவுக்காக அதை அவர்கள் பக்கம் தள்ளிவிடாதீர்கள்.

சமரசம் முறிந்தாலும் பழைய காலம் போல அரசு வழக்கை அனுப்பும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அலுவலரின் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் நீங்களே தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

உங்கள் தம்பி படகில் போகிறார், பங்கைக் குறைத்துவிட்டார்கள், அவருக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பங்கு முறையில் போகிறவர் தொழிலாளியா, கூட்டாளியா என்பதிலேயே வழக்கு ஆரம்பித்துவிடும். சின்னப்பாலத்தில் கடல் பாசி எடுக்கிற பெண்களுக்கு நோட்டீஸ் கொடுக்க முதலாளி என்று ஒருவர் கிடையாது. அவர்கள் விஷயத்தை இதில் கலந்து எழுதினால் இரண்டும் கெடும்.

பேச உட்காரும்போது முழுவதையும் மறுக்காதீர்கள். நானாக இருந்தால் மாதத்தில் இரண்டு ஞாயிறு, பூசை முடிந்து 9 மணிக்கு மேல், விருப்பப்படுகிறவர்களுக்கு மட்டும், கூடுதல் கூலியோடு என்று கொடுத்துவிடுவேன். தினக்கூலி அப்படியே இருக்கட்டும், ஒரு அளவுக்கு மேல் உரித்தால் கிலோவுக்கு ஊக்கத்தொகை என்று கேட்பேன். வேனில் மட்டும் இறங்க மாட்டேன். எது முடிவானாலும் மேனேஜர் அறையில் கையெழுத்துப் போடாமல், சமரச அலுவலர் முன்னிலையில் போடுங்கள். தொழிலாளர் அலுவலகத்தில் இன்றைக்கும் பழைய எண்ணைச் சொல்லி '12(3) ஒப்பந்தம்' என்பார்கள். அலுவலர் இல்லாமல் தனியாகப் போடுகிற '18(1) ஒப்பந்தம்' கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும் கட்டும். 12(3) சங்கத்தில் இல்லாத 44 பேரையும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவர்களையும் சேர்த்துக் கட்டும். அதில் வேன் எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எத்தனை இருக்கையோடு வரும் என்பது வரை எழுதுங்கள். "வாகன வசதி செய்து தரப்படும்" என்று மட்டும் எழுதினால், அடுத்த வருடம் பாம்பன் நிறுத்தத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நிற்கும்.